தண்ணீருக்குப் பின் மிஞ்சும் நிறம்

வாட்டர்கலரைத் திருத்த முடியாது என்பது ஓவியப் பள்ளிகளின் முதல் பாடம். கல்கத்தாவில் ஒரு குரு அந்தப் பாடத்தையே தண்ணீரில் போட்டு எடுத்தார். எப்போது தூரிகையை மறுபடி தொடக் கூடாது என்பதை அவருக்கு உணர்த்தியது சீடர் வரைந்த ஒரு படம்.

படம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. முகம் அமைந்துவிட்டது. சேலை மடிப்புகள் விழுந்துவிட்டன. பின்னால் அந்தி வானமும் வந்துவிட்டது. நிறம் நன்றாகக் காய்ந்திருக்கிறதா என்று புறங்கையால் தொட்டுப் பார்க்கிறார் ஓவியர். பிறகு காகிதத்தின் இரண்டு முனைகளைப் பிடித்துத் தூக்கி, அகலமான தட்டில் நிரப்பி வைத்திருக்கும் தண்ணீருக்குள் முழுதாக அமிழ்த்துகிறார். சில வினாடிகளில் தண்ணீர் கலங்குகிறது. நீலம் புகை போலக் கிளம்புகிறது. சிவப்பு ஓரங்களில் கசிகிறது. முதல் தடவை பார்ப்பவர்களுக்கு வயிற்றைக் கலக்கும்.

ஓவியரோ பதறுவதில்லை. தண்ணீர் எடுத்துக்கொண்டு போவது போகட்டும், காகிதம் குடித்தது காகிதத்தில் இருக்கும் என்பது அவர் கணக்கு. படத்தை வெளியே எடுத்து, மிகுந்த ஈரத்தை ஒற்றி, அந்த ஈரத்தின் மேலேயே அகலமான தூரிகையால் ஒரு மெல்லிய நிறத்தைப் படம் முழுவதும் பரப்புகிறார். வெளிச்சம் தேவைப்படும் இடங்களில் - நெற்றி, கன்னம், கைவிரல் - காய்வதற்குள் அந்த நிறத்தைத் தூரிகை நுனியால் துடைத்து எடுக்கிறார். பிறகு காத்திருக்கிறார். முழுக்கக் காய்ந்த பின் மங்கிப்போன கோடுகளை மீண்டும் வரைகிறார், நிறங்களை மீண்டும் ஏற்றுகிறார். மறுபடியும் தண்ணீர். இப்படி எத்தனை முறை என்பதற்குக் கணக்கில்லை. படம் போதும் என்று சொல்லும் வரை.

இந்த முறைக்கு 'வாஷ்' என்று பெயர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாவின் ஜோராசாங்கோவில், தாகூர் குடும்பத்தின் ஐந்தாம் எண் வீட்டில் உருவானது. உருவாக்கியவர் அவனீந்திரநாத் தாகூர் (1871-1951). ரவீந்திரநாத்தின் அண்ணன் முறை உறவினரின் மகன். வங்காளத்துக்கு இன்றும் 'அவன் தாகூர்'. இந்திய ஓவியத்தில் இந்த வாஷ் ஏற்படுத்திய பரபரப்பும் பின்னர் அது சம்பாதித்த ஏச்சும் கலை வரலாற்றில் நிறையவே எழுதப்பட்டிருக்கின்றன. அதிகம் பேசப்படாதது, ஒரு படத்தை அழியக் கொடுத்து மீட்கும் இந்த வேலை அதைச் செய்தவர்களை என்ன செய்தது என்பது.

எண்ணெய் வண்ணத்தில் வேலை செய்பவருக்கு வாழ்க்கை சுலபம். தப்பாக வந்த மூக்கின் மேல் இன்னொரு மூக்கை வரைந்துவிடலாம். பழைய மூக்கு அடியில் எங்கோ புதைந்து கிடக்கும், யாருக்கும் தெரியாது. வாட்டர்கலர் அப்படி மறைக்க விடாது. அது ஒளி ஊடுருவும் நிறம். அதில் வெள்ளை என்பது காகிதத்தின் வெள்ளைதான். மேலே எத்தனை நிறம் பூசினாலும் அடியில் இருப்பது தெரியும். வெள்ளைப் பூச்சைக் குழைத்து மூடப் பார்த்தால் சுண்ணாம்பு அடித்த சுவர் போல அந்த இடம் மட்டும் செத்துக் கிடக்கும். திருத்தத் திருத்தச் சேறாகும். எனவேதான் ஆங்கிலேய ஆசிரியர்கள், யோசித்துவிட்டு வை, வைத்த பிறகு தொடாதே என்று சொல்லிக்கொடுத்தார்கள்.

அவனீந்திரநாத்தும் அந்தப் பள்ளியில் பயின்றவர்தான். ஓலிண்டோ கிலார்டி என்ற இத்தாலியரிடமும் சார்லஸ் பாமர் என்ற ஆங்கிலேயரிடமும் முறைப்படி கற்றவர். 1890களில் ராதை நிலவொளியில் கண்ணனைத் தேடிப் போகும் படத்தை வரைந்தார். தாம் செய்த காரியத்தைப் பிற்காலத்தில் அவரே கேலி செய்தார்: ஒரு வெள்ளைக்காரச் சீமாட்டிக்குச் சேலை கட்டி, குளிர்கால இரவில் வெளியே அனுப்பியது போல இருந்ததாம். கைக்குப் பயிற்சி இருந்தது. படத்துக்கு உயிர் வரவில்லை.

அடுத்து வந்தது துயரம். கல்கத்தாவில் பிளேக் பரவிய ஆண்டுகளில் அவருடைய சின்ன மகள் இறந்துபோனாள். 1902-03 தில்லி தர்பார் கண்காட்சிக்குப் போய்ப் பரிசு வாங்கிய 'ஷாஜகானின் இறுதி' படத்தில், தொலைவில் தெரியும் தாஜ்மகாலைப் பார்த்தபடி கிடக்கும் கிழவரிடம் தெரிவது மகளை இழந்த தன் வேதனைதான் என்று அவர் சொல்லியிருக்கிறார். அது பலகையில் எண்ணெய் வண்ணத்தில் வரைந்த படம். அதற்குப் பிறகுதான் தண்ணீர் வந்தது.

வந்த வழி ஜப்பான். ஒகாகுரா என்ற ஜப்பானிய அறிஞர் 1902ல் கல்கத்தாவுக்கு வந்து தாகூர் குடும்பத்தோடு நெருக்கமானார். அடுத்த ஆண்டு அவருடைய சீடர்கள் இருவர் வந்தார்கள் - யோகோயாமா தைகான், ஹிஷிதா ஷுன்சோ. தைகான் வரையும்போது அவ்வப்போது ஓர் அகலத் தூரிகையைத் தண்ணீரில் தோய்த்துப் படத்தின் மேல் தடவுவதை அவனீந்திரநாத் கவனித்தார். ஓரங்கள் கரைந்து, நிறங்கள் ஒன்றோடொன்று பேசத் தொடங்கின. தூரிகையில் கொஞ்சம் தண்ணீர் இவ்வளவு செய்யுமானால் முழுப் படத்தையும் தண்ணீரில் போட்டால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. போட்டார். ஜப்பானியர் தடவியதை வங்காளி முழுக்காட்டினார். கங்கைக் கரைக்காரருக்கு முழுக்கு என்றால் சொல்லிக்கொடுக்கவா வேண்டும்!

இதில் அறிவியலும் இருக்கிறது. வாட்டர்கலர் என்பது நுண்ணிய நிறத் துகள்களும் அவற்றை ஒட்டவைக்கும் வேலம்பிசினும் சேர்ந்தது. பிசின் தண்ணீரில் கரையும். காய்ந்த பிறகும் கரையும். ஆகவே படத்தை மூழ்கடித்தால் மேலே தடிமனாக உட்கார்ந்திருக்கும் நிறம் பிசினோடு கிளம்பிவிடும். காகித நார்களுக்குள் இறங்கிவிட்ட துகள்கள் மட்டும் நிற்கும். எல்லா நிறமும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. பிரஷ்யன் நீலம் நாருக்குள் புகுந்துகொண்டு கிளம்ப மறுக்கும். அல்ட்ராமரின் நீலம் பார்வைக்குக் கம்பீரமானது, ஆனால் தண்ணீர் பட்டதும் எளிதில் விலகிவிடும். முதல் முழுக்கில் எது போகும், எது நிற்கும் என்பதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. கை கெட்டுக் கெட்டுத்தான் பழக வேண்டும்.

காகிதத்துக்கும் ஒரு பொறுமை எல்லை உண்டு. நல்ல காகிதத்தின் மேல் ஜெலட்டின் பசை ஏற்றியிருப்பார்கள். அதுதான் நிறம் கண்டபடி ஊறாமல் காப்பது. அளவுக்கு மீறி நனைத்தாலோ ஈரத்தில் அழுத்தித் தேய்த்தாலோ பசை போய், காகிதம் பஞ்சு போலப் பிய்ந்து எழும்பும். அதன் மேல் எந்த வித்தையும் பலிக்காது. அவசரக்காரர்கள் கெடுப்பது பெரும்பாலும் இங்கேதான். காய்வதற்கு முன் அடுத்த நிறத்தை வைப்பார்கள், அல்லது முழுக்காட்டிய படத்தைப் பார்த்துப் பயந்து அள்ளி அள்ளிப் பூசுவார்கள். வாஷ் முறையில் பாதி வேலை சும்மா உட்கார்ந்திருப்பது.

இப்படிப் பல முறை தண்ணீருக்குள் போய் வந்த படத்துக்கு ஒரு குணம் வந்துவிடுகிறது. கோடுகள் மென்மையாகின்றன. முதல் நாள் வைத்த மஞ்சளும் பத்தாம் நாள் வைத்த நீலமும் ஒன்றுக்குள் ஒன்று இருக்கின்றன. வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று சொல்ல முடியாது; காகிதத்துக்குள்ளிருந்தே வருவது போலிருக்கும். இழப்புக்குப் பிறகு மீண்டு வந்த சில மனிதர்களின் முகத்தில் இப்படி ஓர் அமைதியைக் காணலாம். போனதை மூடி மறைத்தவர்களின் முகம் அப்படி இருப்பதில்லை.

இந்த முறையில் பிறந்ததுதான் இந்தியாவின் மிகப் புகழ்பெற்ற வாட்டர்கலர். 1905ல் கர்சன் வங்காளத்தை இரண்டாகப் பிரித்தபோது எழுந்த சுதேசிக் கொந்தளிப்பில் அவனீந்திரநாத் 'பாரத மாதா'வை வரைந்தார். முதலில் அவர் மனதில் இருந்த பெயர் வங்க மாதா. காவி உடுத்திய ஓர் இளம் துறவிப் பெண். நான்கு கைகளில் ஏடு, நெற்கதிர், வெண்துணி, ஜபமாலை: கல்வி, உணவு, உடை, தீட்சை. கையில் ஓர் ஆயுதம் கூடக் கிடையாது. பின்னால் வந்த நாள்காட்டிப் படங்களில் சிங்கமும் சூலமும் கொடியுமாக அவதாரம் எடுத்த பாரத மாதாக்களை மட்டும் பார்த்துப் பழகியவர்களுக்கு மூலப் படம் ஒரு வியப்பு. அளவும் சின்னதுதான்: உயரம் ஏறக்குறைய 27 செ.மீ., அகலம் 15 செ.மீ. மஞ்சள் கலந்த மூட்டத்திலிருந்து அவள் வெளியே வருகிறாளா, அதற்குள் கரைந்துகொண்டிருக்கிறாளா என்று தீர்மானிக்க முடியாது. சகோதரி நிவேதிதை அதைக் கொண்டாடினார். ஒரு ஜப்பானிய ஓவியர் அதைப் பெரிதாக்கிக் கொடியாக வரைந்து கொடுக்க, ஊர்வலங்களில் அதை ஏந்திப் பாடிக்கொண்டே நிதி திரட்டினார்கள். அந்தக் கொடி பிறகு எங்கே போனதென்று அவனீந்திரநாத்துக்கே தெரியவில்லை. சின்னக் காகிதம் மட்டும் தப்பியது. கொல்கத்தா விக்டோரியா மெமோரியலின் பராமரிப்பில் இருக்கிறது.

வெற்றிக்குப் பிறகு வழக்கமாக நடப்பது நடந்தது. 1905ல் கல்கத்தா அரசு ஓவியப் பள்ளியின் துணை முதல்வரான அவனீந்திரநாத்தைச் சுற்றி ஒரு சீடர் கூட்டம் சேர்ந்தது. அவர்கள் இந்தியா முழுவதும் ஓவியப் பள்ளிகளுக்குப் போனார்கள். அசித் குமார் ஹல்தார் 1925ல் லக்னோ பள்ளியின் முதல்வரானார். வாஷ் அங்கே வேர் பிடித்துப் பல பத்தாண்டுகள் வளர்ந்தது. மைசூரின் சித்திரக்காரர் குடும்பத்தைச் சேர்ந்த கே. வெங்கடப்பா கல்கத்தாவில் கற்றுவிட்டு ஊர் திரும்பி, பின்னர் ஊட்டியையும் கொடைக்கானலையும் வாட்டர்கலரில் வரைந்தார். சென்னை ஓவியப் பள்ளிக்கு 1929ல் வந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரியும் - மெரினாவில் உழைப்பாளர் சிலையைப் படைத்தவர் - அவனீந்திரநாத்தின் மாணவரே.

கூடவே வாஷ் ஒரு சமையல் குறிப்பாகவும் ஆனது. ஒல்லியான விரல்கள், பாதி மூடிய கண்கள், எல்லாவற்றின் மேலும் ஒரு பழுப்பு மூட்டம். சரியாக வரையத் தெரியாததை மூட்டத்துக்குள் ஒளித்துக்கொள்ளலாம் என்று பலர் கண்டுகொண்டார்கள். மறைக்க முடியாத ஊடகத்தை மறைப்பதற்கே பயன்படுத்தினார்கள்! 1930களில் அம்ரிதா ஷெர்-கில் வங்காளப் பாணியைக் கடுமையாகச் சாடியதில் நியாயம் இருந்தது. இதில் ஒரு வேடிக்கை: தைகானும் ஷுன்சோவும் இதே போல மூட்டமாக வரைந்ததற்காக ஜப்பானில் ஏற்கெனவே வசை வாங்கியவர்கள். தெளிவில்லாத பாணி என்று பொருள்படும் 'மோரோதாய்' என்ற பெயரையே அங்குள்ள விமர்சகர்கள் கிண்டலாகச் சூட்டியிருந்தார்கள்.

கூட்டத்தில் ஒருவர் மட்டும் குருவின் மூட்டத்துக்குள் தங்கிவிடவில்லை. நந்தலால் போஸ். 1882ல் பிகாரில் கரக்பூரில் பிறந்தவர். அதிகம் பேசாதவர். ராமகிருஷ்ணர் மீது ஆழ்ந்த பக்தி கொண்டவர்; பரமஹம்சர் பிறந்த காமார்புகூரில் இன்று நிற்கும் கோயிலை வடிவமைத்துத் தந்தவர் அவர்தான். பின்னாளில் சாந்திநிகேதன் கலாபவனத்தின் தலைவரானார். காந்தி கேட்டுக்கொண்டபடி 1938 ஹரிபுரா காங்கிரசுக்காகக் கிராமத்து மனிதர்களைத் தடித்த கோடுகளில் தீட்டினார். அரசியல் சட்டத்தின் மூலப் பிரதியை அழகுபடுத்தும் பொறுப்பும் அவருக்கே வந்தது. கதை நடந்தபோது அவர் குருவிடம் படம் காட்டும் சீடர். மறுபடி வண்ணம் தீட்டுவது என்ற விஷயத்தில் குரு தன் வாழ்நாளின் பெரிய பாடத்தைக் கற்றது அவரிடம்தான்.

நந்தலால் அப்போது 'உமாவின் தவம்' என்ற படத்தை வரைந்திருந்தார். சிவனுக்காகத் தவமிருக்கும் உமா மலைச்சரிவில் நிற்கிறாள். தலைக்கு மேலே பின்னால் கீற்றாக ஒரு பிறை. நிறம் என்று சொல்ல ஒன்றுமில்லை. மேலிருந்து கீழ் வரை காவியின் சாயல், அதுவும் இருக்கிறதா இல்லையா என்ற அளவில். பார்க்க வந்த குருவுக்கு அந்த வறட்சி தாங்கவில்லை. கொஞ்சம் நிறம் கொடுக்கக் கூடாதா, வேறொன்றும் வேண்டாம், பெண்ணைக் கொஞ்சம் அலங்கரி, நெற்றியில் சந்தனம் வை, ஒரு செம்பருத்தியாவது சூட்டு என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார்.

குருவின் வாக்கு. அந்தக் காலத்து உறவில் அதற்கு மேல் பேச்சில்லை. நந்தலால் மறுத்து ஒரு வார்த்தை சொன்னதாகத் தெரியவில்லை.

அன்று இரவு அவனீந்திரநாத்துக்குத் தூக்கம் வரவில்லை. ஏன் சொன்னோம் என்ற ஒரே கேள்வி மண்டைக்குள் சுற்றியது. தான் பார்க்கும் உமாவை நந்தலால் பார்க்கவில்லையோ என்னவோ. தவத்தில் காய்ந்து, நிறமும் ரசமும் வற்றி, கல்லைப் போல உறுதிப்பட்டுவிட்ட உமாவை அவன் பார்த்திருக்கலாம். அவளுக்கு எதற்குச் சந்தனமும் பூவும்? இரவோடு இரவாகச் சீடன் நிறத்தை வைத்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம் வேறு. பொழுது விடியும் முன்பே கிளம்பி ஓடினார்.

நந்தலால் படத்தை எதிரே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நிறம் வைப்பதற்கு முன் கடைசியாக ஒருமுறை யோசித்துக்கொண்டிருந்தார். அவரும் இரவு முழுவதும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாராம். குரு பதறிப்போய்த் தடுத்தார். உன் உமா சரியாகத்தான் இருக்கிறாள், இனி கை வைக்காதே என்றார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் ஒரு நல்ல படத்தைக் கெடுத்திருப்பேன் என்பது அவருடைய வாக்குமூலம்.

கெட்டிருக்கும் என்பதில் சந்தேகமில்லை. வாட்டர்கலரில் ஒரு செம்பருத்தி சின்ன விஷயமல்ல. மங்கலான காவியின் நடுவே ஒரு சொட்டுச் சிவப்பு விழுந்தால் கண் முதலில் அங்கேதான் போகும். பிறகு மலையும் பிறையும் முகமும் அந்தப் பூவுக்குப் பின்னணியாகிவிடும். தப்பு என்று தெரிந்து தண்ணீரில் போட்டால் காப்பாற்ற முடியுமா? மெல்லிய காவிதான் முதலில் போயிருக்கும். பூவின் கறை அநேகமாக நின்றிருக்கும். முழுக்காட்டி மீட்கும் முறையைக் கண்டுபிடித்தவருக்கு இது தெரியாமலிருக்காது. விடியும் முன்பே ஓடியதற்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

கதையின் ஆழம் அந்தப் பூவில் இருக்கிறது. காளிதாசனின் 'குமாரசம்பவ'த்தில் பார்வதி முதலில் சிவனிடம் போவது பூக்களோடுதான். வசந்த காலத்துப் பூக்களே அவளுக்கு அணிகலன். கூடவே மன்மதன் வில்லோடு வருகிறான். சிவன் நெற்றிக்கண்ணைத் திறக்கிறார், மன்மதன் சாம்பலாகிறான், பார்வதி வெறுங்கையோடு வீடு திரும்புகிறாள். அழகால் ஆகாது என்று அறிந்து அவள் தன் அழகையே நொந்துகொண்ட பிறகுதான் தவம் தொடங்குகிறது. மரவுரி உடுத்துகிறாள். தலை சடையாகிறது. மற்ற முனிவர்கள் உதிர்ந்த சருகையாவது தின்பார்கள். அவள் அதையும் விட்டதால் 'அபர்ணா' என்று பெயர் பெற்றாள். சருகையும் துறந்தவள் தலையில் செம்பருத்தியைச் சூட்டுவது, கதையை மன்மதன் எரிந்த இடத்துக்கே திருப்பி அனுப்புவதாகும்.

மாங்காட்டில் ஐந்து நெருப்புக்கு நடுவே ஒற்றைக் காலில் நிற்கும் காமாட்சியைக் கும்பிட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. என்றாலும் கோயிலில் அவளுக்கும் நாம் பட்டுப்புடவை சாத்தி, மாலை போட்டு, நகை பூட்டித்தான் பார்க்கிறோம். அது அன்பின் பழக்கம். அவனீந்திரநாத் கேட்டதும் அதே அன்புதான். தகப்பன் மனசு. வற்றி நிற்கும் ஒரு பெண்ணைப் பார்த்து, கொஞ்சம் சந்தனமாவது வையேன் என்று சொல்லும் மனசு. மகளைப் பறிகொடுத்தவர் அப்படிச் சொன்னார் என்பதையும் மறக்கக் கூடாது. அந்த அன்பு தப்பான இடத்தில் கை வைக்கப் பார்த்தது, அவ்வளவுதான்.

சீடரின் நிலையும் எளிதல்ல. நந்தலாலுக்கு முன் இரண்டு விசுவாசங்கள் இருந்தன. ஒன்று குருவின் மீது. மற்றது, தான் கண்ட உமாவின் மீது. இரவில் முதல் விசுவாசத்தின்படி நடந்திருந்தால் விடியும்போது படம் கெட்டிருக்கும். இரண்டாவதன்படி நடந்திருந்தால் குருவின் பேச்சு மீறப்பட்டிருக்கும். அவர் இரண்டையும் செய்யவில்லை. தூரிகையை எடுக்காமல் படத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தார். ஈரம் காய்வதற்காகக் காத்திருந்து பழகிய கை அது. அந்தக் காத்திருப்புதான் குரு வந்து சேர அவகாசம் கொடுத்தது.

ஆன்மிகப் பத்திரிகைகள் இதைக் குருவின் பெருந்தன்மைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லிவிடும். அதைவிடக் கடினமான ஒன்று இதில் இருக்கிறது. படத்தைத் தண்ணீரில் போட்டு எடுக்கத் துணிச்சல் போதும். அவனீந்திரநாத்துக்கு அது நிறைய இருந்தது. வெறுமையாகத் தெரியும் ஒன்று உண்மையில் நிறைந்துவிட்டது என்று கண்டுகொள்வது வேறு திறமை. அதற்கு அவருக்கு ஒரு ராத்திரி முழுக்கத் தேவைப்பட்டது. நோயாளி வீட்டிலும் துக்க வீட்டிலும் போய் எதையாவது சொல்லி நிறம் சேர்க்கத் துடிப்பவர்களில் பலருக்கு அந்த ராத்திரி வருவதேயில்லை.

அன்று வரைந்த படங்களுக்கு இப்போது எதிரி தண்ணீரல்ல, வெளிச்சம். வாட்டர்கலர் வெளிச்சத்தில் வெளுக்கும். வெளுத்ததை மீட்க வழியில்லை. எனவேதான் அருங்காட்சியகங்கள் காகித ஓவியங்களை 50 லக்ஸ் அளவு மங்கலான விளக்கில் வைக்கின்றன. கொஞ்ச காலம் காட்டிவிட்டு இருட்டறைக்குத் திருப்பி அனுப்புகின்றன. பழுது பார்ப்பவர்களுக்குக் கடுமையான விதி உண்டு. காகிதம் பிய்ந்து போன இடத்தை மட்டும் நிரப்பலாம். ஓவியர் வைத்த நிறத்தின் மேல் ஒரு புள்ளியும் சேர்க்கக் கூடாது. ஒரு காலத்தில் ஓயாமல் முழுக்காட்டி மீண்டும் மீண்டும் தீட்டப்பட்ட படங்களை இனி யாரும் தொட முடியாது.

உமாவின் கதை வெளியே தெரிந்ததே அவனீந்திரநாத் சொன்னதால்தான். அறையில் இருந்தவர்கள் இரண்டே பேர். சீடர் வாய் திறக்கும் ஆளில்லை. ஜோராசாங்கோவின் ஐந்தாம் எண் வீடு 1941ல் கைமாறிப் போக, அவர் பராநகரில் ஒரு வாடகை வீட்டுக்குக் குடிபெயர்ந்தார். வயது எழுபதைத் தொட்டிருந்தது. தூரிகையை ஏறக்குறைய விட்டுவிட்டு, மரத்துண்டுகளையும் வேர்களையும் பொறுக்கி 'குட்டும் காட்டாம்' என்று பெயர் வைத்து பொம்மை செய்துகொண்டிருந்தார். அப்போது ராணி சந்தா என்ற எழுத்தாளர் பக்கத்தில் உட்கார்ந்து அவர் பேசுவதை எழுதிக்கொள்வார். அப்படி 1944ல் வெளியான 'ஜோராசாங்கோர் தாரே' என்ற நினைவு நூலில் இந்த இரவு இடம்பெற்றது. நந்தலால் அதற்குள் கலாபவனத்தின் தலைவராகி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. தன் மாணவர்களின் படங்களை அவர் நாள்தோறும் பார்த்துக்கொண்டிருந்தார். குரு சொன்ன திருத்தம் நடக்கவேயில்லை. உமாவின் நெற்றியில் சந்தனம் இல்லை. தலையில் பூவும் இல்லை.